பழைய லான்ட்மாஸ்டரை மீண்டும் வயலுக்குக் கொண்டுவருதல்

இரு சக்கர உழவு இயந்திரம் எந்த நாட்டில் செய்யப்பட்டதாக இருந்தாலும் நம் மக்கள் அதற்கு வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்: லான்ட்மாஸ்டர். ஜப்பானியக் குபோட்டாவும் லான்ட்மாஸ்டர்தான். சீனத் தயாரிப்பும் லான்ட்மாஸ்டர்தான். பல கொட்டில்களில் இவ்வியந்திரம் சாக்கால் மூடப்பட்டு, கோழிகள் அடையும் இடமாகக் கிடக்கிறது. அதைத் திருத்தலாமா, பழைய இரும்புக்கு விற்கலாமா என்ற கேள்வி ஒவ்வொரு போகத்திற்கு முன்பும் எழுகிறது. அவசரப்பட்டுத் திருத்தினால் கடன் மிஞ்சும். அவசரப்பட்டு விற்றால் குடும்பத்தின் உழைப்புக் கருவி போய்விடும். ஆகவே ஒழுங்காகச் சோதித்து முடிவெடுப்பது எப்படி என்பதை இப்பாடத்தில் கற்போம்.

ஹெந்தளையில் இருக்கும் நமக்கு இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். ஹெந்தளைக்கு வடக்கே விரியும் முத்துராஜவெல சதுப்பு நிலத்தில் ஒரு காலத்தில் நெல் விளைந்தது. கால்வாய் வழியே உப்புநீர் ஏறியதால் வயல் பாழாயிற்று. உப்பு நீரை வடிப்பதற்காக ஆங்கிலேயர் 1802 இல் தொடங்கிய ஹமில்டன் கால்வாயும் அவ்வயல்களை மீட்டுத் தரவில்லை. எனவே நம்மில் பலருக்கு இங்கே வயல் இல்லை. ஆனால் வன்னியிலும் மட்டக்களப்பிலும் பொலன்னறுவையிலும் உறவினர் உண்டு. அவர்களுடைய இயந்திரம் பழுதடைந்தால், கொழும்புக்குப் போய் உதிரிப்பாகம் தேடும் பொறுப்பு ஹெந்தளையில் இருக்கும் மகனுக்கோ மருமகனுக்கோ வருகிறது. என்ன பழுது என்று தெரியாமல் கடை ஏறினால் பணம்தான் வீணாகும்.

பெயர் வந்த கதை

இந்த இயந்திரத்தின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்கு முக்கிய இடம் உண்டு. பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010), சிறிய நெல் வயலுக்கு ஏற்ற இரு சக்கர உழவு இயந்திரத்தை 1950-களில் வடிவமைத்தார். இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரிலிருந்த லான்ட்மாஸ்டர் கம்பனி அதைத் தயாரித்து விற்றது. கம்பனியின் பெயரே இயந்திரத்தின் பெயராக நம் நாவில் நிலைத்தது.

பிற்காலத்தில் அவரே தமது வேலையைக் கேள்விக்கு உட்படுத்தினார். நாம் கமத்தொழிலை முன்னேற்றினோமா, அல்லது எருமையின் இடத்தில் ஓர் இயந்திரத்தை வைத்தோமா என்பதே அக்கேள்வி. எருமை புல்லைத் தின்று எருவைத் தரும், கன்றையும் ஈனும். இயந்திரம் டீசலைக் குடிக்கும், பாகம் கேட்கும். 2022 சிறுபோகத்தில் டீசலுக்காக வரிசையில் நின்ற கமக்காரருக்கு இக்கேள்வியின் பாரம் நன்கு தெரியும். இயந்திரத்தை வெறுப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதை வைத்திருப்பவர் கணக்குப் பார்த்து வைத்திருக்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறோம்.

பணம் செலவழிக்குமுன் சோதிக்க வேண்டியவை

1. பத்திரங்கள்: வாகனப் பதிவுப் பத்திரத்தில் உள்ள இலக்கங்களை இயந்திரத்தில் பொறித்துள்ள இலக்கங்களோடு ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள்.

2. இறுகியிருப்பது எது? எஞ்சின் சுற்றவில்லை என்றால் முதலில் பட்டிகளைக் கழற்றுங்கள். அதன்பின் எஞ்சின் சுற்றினால் பழுது கிளட்சிலோ கியர் பெட்டியிலோ உள்ளது. சுற்றாவிட்டால் எஞ்சினே இறுகியுள்ளது. இச்சிறு சோதனைக்கு ஒரு சதமும் செலவில்லை.

3. எண்ணெய்: எஞ்சின் எண்ணெயும் கியர் எண்ணெயும் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துள்ளது. சேற்று உழவில் அச்சின் எண்ணெய்த் தடுப்பு வளையங்கள் தேய்ந்தால் கியர் பெட்டிக்குள் சேற்றுநீர் போகும். பழைய இயந்திரங்களைக் கொல்வது பெரும்பாலும் இதுவே.

4. வெடிப்பு: எஞ்சின் உடலிலோ கியர் பெட்டியின் ஓட்டிலோ வெடிப்பு உண்டா என்று அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். இரண்டிலும் வெடிப்பு இருந்தால் திருத்துவது வீண்.

5. அமுக்கம்: அமுக்கம் நீக்கும் நெம்பை விட்டபின் கைப்பிடியால் எஞ்சினை மெதுவாகச் சுற்றுங்கள். வில்லைப்போல எதிர்த்துத் தள்ள வேண்டும். எதிர்ப்பே இல்லாவிடில் வால்வு, பிஸ்டன் வளையம், தலைப் பொருத்துத் தகடு ஆகியவற்றில் ஒன்று கெட்டுள்ளது.

இவற்றைக் கடதாசியில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவைக் குறியுங்கள். மொத்தத்தை ஒரு போகத்தில் நீங்கள் கொடுக்கும் உழவுக் கூலியோடு ஒப்பிடுங்கள். அதன் பின்னரே ஸ்பானரை எடுங்கள்.

திருத்தும் ஒழுங்கு

இறுகிய எஞ்சினைக் கியரில் போட்டு இழுத்துச் சுற்ற வைப்பது பெருந்தவறு. வளையம் உடையும், தண்டு வளையும். இன்ஜெக்டரைக் கழற்றி, அத்துளை வழியே டீசலும் எஞ்சின் எண்ணெயும் கலந்து ஊற்றி, சில நாட்கள் ஊற விடுங்கள். பின்னர் பறக்கும் சில்லைக் கையால் முன்னும் பின்னும் சிறிது சிறிதாக அசையுங்கள்.

அடுத்தது எரிபொருள். தாங்கியைக் கழற்றித் துருவையும் அடிநீரையும் அகற்றிக் கழுவுங்கள். வடிகட்டியை மாற்றுங்கள். குழாயில் காற்று நின்றால் டீசல் எஞ்சின் இயங்காது. ஆகவே காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை விடுங்கள். இன்ஜெக்டரின் தூவலைச் சோதிக்கும் வேலையை டீசல் பம்ப் திருத்துவோரிடமே கொடுங்கள். அத்தூவல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். கை அருகே போகக் கூடாது.

பட்டிகள் தேய்ந்திருந்தால் ஒன்றை மட்டும் மாற்றாமல் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள். புதியதும் பழையதும் சேர்ந்தால் பாரம் முழுவதும் ஒன்றின்மேல் விழும்.

இயக்கியபின் புகையைக் கவனியுங்கள். கருமை, காற்று வடிகட்டி அடைபட்டதை அல்லது எரிபொருள் மிகுந்ததைக் காட்டும். நீலம், எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். சூடேறிய பின்னும் வெண்புகை நின்றால் இன்ஜெக்டரையும் அமுக்கத்தையும் மீண்டும் பாருங்கள். தண்ணீர்த் தொட்டியில் விடாமல் குமிழி வந்தால் தலைப் பொருத்துத் தகடு கசிகிறது.

பராமரிப்பு

ஒவ்வொரு நாளும் இயக்குமுன்: எஞ்சின் எண்ணெய், தண்ணீர், நட்டு போல்ட் இறுக்கம்.

சூடடிக்கும் காலத்தில்: காற்று வடிகட்டியை நாள்தோறும் திறந்து பாருங்கள். எண்ணெய்க் கிண்ணத்தில் தூசி படிந்திருந்தால் கழுவிப் புது எண்ணெய் விடுங்கள்.

ஏறக்குறைய 100 மணி நேர வேலைக்கு ஒருமுறை: எஞ்சின் எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடித்து மாற்றுங்கள். கைநூல் வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

தண்ணீர் வற்றிச் சூடேறிய எஞ்சினில் குளிர்நீரை ஊற்றாதீர்கள். இரும்பு வெடிக்கும். நிறுத்தி, ஆறவிட்டு ஊற்றுங்கள்.

போகம் முடிந்ததும்: சேற்றைக் கழுவி, கிறீஸ் பூசி, டீசல் தாங்கியை நிரப்பி வையுங்கள். தாங்கி வெறுமையாக இருந்தால் உட்சுவரில் ஈரம் படிந்து துருவாகும். டயர்கள் நிலத்தில் படாதபடி கட்டையில் ஏற்றி வையுங்கள்.

உயிருக்கு ஆபத்தான மூன்று இடங்கள்

முதலாவது, இறக்கம். சமதரையில் வலப்பக்கக் கிளட்சை அழுத்தினால் இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். இறக்கத்தில், எஞ்சின் பிடித்து நிறுத்தும் நிலையில், அது இடப்பக்கம் திரும்பும். குளக்கட்டிலிருந்து பெட்டியோடு இறங்கும்போது இதை அறியாதவர் கவிழ்வார். புதிதாகப் பழகுபவருக்கு முதலில் இதையே சொல்லிக்கொடுங்கள்.

இரண்டாவது, பின்னோக்கிச் செல்லுதல். சுழல் கத்தி ஓடும்போது பின் கியர் போடக் கூடாது. வரப்பில் கால் தடுக்கினால் கத்தி ஆளின்மேல் ஏறும்.

மூன்றாவது, இரவு வீதி. விளக்கோ ஒளி தெறிக்கும் தகடோ இல்லாத பெட்டியைப் பின்னால் வரும் சாரதியால் காண முடியாது. திருத்தச் செலவுப் பட்டியலில் விளக்கையும் பெட்டியின் பிரேக்கையும் முதலில் எழுதுங்கள், கடைசியில் அல்ல.

பாகம் வாங்கப் போகும்போது

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய, புதிய உதிரிப்பாகக் கடைகள் நிரம்ப உண்டு. ஊரிலிருந்து கேட்பவரிடம் "குபோட்டா வளையம்" என்ற சொல்லை மட்டும் வாங்கிக்கொண்டு புறப்படாதீர்கள். எஞ்சினின் வகையும் இலக்கமும், பழைய பாகமே கையில், பட்டியாயின் அதில் அச்சிட்ட எண், உருளைத் தாங்கியாயின் அதன் விளிம்பில் பொறித்த எண் ஆகியவை வேண்டும். பொருந்தாவிடில் மாற்றித் தருவார்களா என்று பணம் கொடுக்குமுன் கேளுங்கள். ஊருக்கு அனுப்பிய பாகம் பொருந்தாமல் திரும்பி வருவதற்குள் விதைப்புக் காலம் கடந்துவிடும்.

குழுவாகக் கலந்துரையாட

1. நமது ஊரில் ஓடாமல் கிடக்கும் இயந்திரங்கள் எத்தனை? ஒவ்வொன்றும் நின்றதற்குக் காரணம் என்ன?

2. நான்கு குடும்பங்கள் ஓர் இயந்திரத்தைப் பகிர்ந்தால், எண்ணெய் மாற்றும் பொறுப்பும் கணக்கும் யாரிடம் இருக்க வேண்டும்?

3. இயந்திரம் மிச்சப்படுத்தும் நேரத்தை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம்?

4. டீசல் கிடைக்காத போகம் மீண்டும் வந்தால் நமது வயலை எப்படி உழுவோம்?

நான்காவது கேள்விக்கு விடை தேடும் குழு, ஊரில் எஞ்சியுள்ள எருமைகளையும் எண்ணிப் பார்க்கட்டும்.