தொட்ட கரம்: புதுவை முதல் சீனா வரை



அர்ச். மாற்கு எழுதின சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில், குஷ்டரோகி ஒருவன் சேசுநாதர் முன் முழந்தாளிட்ட வரலாறு வருகிறது. நாம் பலமுறை கேட்டதுதான். ஆயினும் அதிலுள்ள மூன்று காரியங்களைச் சற்று நிதானித்துக் கவனியுங்கள்.

ஒன்று: நம் ஆண்டவர் ஒரே வார்த்தையால் அவனைச் சுகப்படுத்தியிருக்கலாம். ஆனால் கையை நீட்டித் தொட்டார். இரண்டு: சுகமானவனைக் குருவிடம் போய்க் காண்பிக்கச் சொன்னார். அக்காலத்தில் குரு ஒப்புக்கொண்டால்தான் ஊர் அவனைச் சேர்த்துக்கொள்ளும். மூன்று: அதன் பின் சேசுநாதர் ஊருக்குள் வெளிப்படையாய் நுழைய முடியாமல் வெளியே தனித்த இடங்களில் தங்கினார். வெளியே இருந்தவன் உள்ளே போனான். உள்ளே இருக்க வேண்டியவர் வெளியே நின்றார்.

நோயைக் குணமாக்குவது பாதி வேலைதான். குணமானவனை அவன் மனிதரோடு சேர்த்து வைப்பது மற்றப் பாதி. இதுவே இவ்வாரப் பாடம். இதை விளக்க ஒரு வரலாற்றைச் சொல்லுகிறோம். அது நம் புதுவையைத் தொட்டுச் சீன தேசம் வரை போய், மறுபடியும் நம் வாசலுக்கே வருகிறது.

1. நம் மிஷனில் இருந்த ஒரு குருவானவர்

செஞ்சிப் பகுதி பாரிஸ் வேதபோதக சபையார் நடத்திவந்த புதுவை மிஷனைச் சேர்ந்திருந்த காலம் அது. பெல்ஜியம் நாட்டு லியேஜ் நகரில் 1841-ல் பிறந்த லூயி லாம்பெர்ட் கொன்ரார்டி என்னும் குருவானவர் 1870-களின் தொடக்கத்தில் அந்த மிஷனில் சில காலம் உழைத்தார். பின்பு அமெரிக்காவிலுள்ள ஆரிகன் பகுதிக்குச் சென்று அங்குள்ள செவ்விந்தியரிடையே ஊழியம் செய்தார்.

அந்நாட்களில் ஹவாய்த் தீவுகளில் தொழுநோய் கண்டவர்களைப் பிடித்து மொலோக்காய்த் தீவின் ஒரு முனையில் விட்டுவிடுவது வழக்கம். 1873-ல் அங்கே போய் அவர்களோடு வாழத் தொடங்கியவர் அர்ச். தமியான். அவர்களுக்கு வீடு கட்டினார், புண்ணைக் கழுவினார், சவப்பெட்டி செய்தார், கடைசியில் அந்த நோயையே தாமும் ஏற்றார். 1888-ல் கொன்ரார்டி சுவாமியார் அவருக்குத் துணையாகப் போய்ச் சேர்ந்தார். 1889 ஏப்ரல் 15-ல் தமியான் சுவாமியார் மரிக்கும்போது உடனிருந்தார். தமியானைத் திருச்சபை 2009-ல் புனிதர் வரிசையில் சேர்த்தது.

ஹவாய் மக்கள் இந்த நோய்க்கு வைத்த பெயர் 'சீனர் நோய்' என்பதாகும். எங்கிருந்தோ வந்தவன் கொண்டுவந்தான் என்று சொல்லிவிட்டால் நம் மனது ஆறுகிறதல்லவா? பழி சுமத்த எப்போதும் ஓர் அந்நியன் தேவைப்படுகிறான். கொன்ரார்டி சுவாமியாரோ அந்தப் பெயரில் பழியைப் பார்க்கவில்லை, ஓர் அழைப்பைக் கண்டார். இந்த நோயால் சீனாவில் எத்தனை பேர் கைவிடப்பட்டுக் கிடக்கிறார்களோ, அங்கே போவோம் என்று தீர்மானித்தார்.

2. ஷெக்லுங் தீவு

போவதற்கு முன் ஒரு காரியம் செய்தார். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு போர்ட்லாந்து நகரில் மருத்துவம் படித்து டாக்டரானார். பக்தி இருந்தால் போதும், படிப்பு எதற்கு என்று அவர் நினைக்கவில்லை. நோயாளிக்கு நல்ல மனது தேவை, நல்ல வைத்தியமும் தேவை. பிறகு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராய்த் தர்மம் திரட்டினார்.

1908-ஆம் ஆண்டளவில் தென்சீனாவில் கான்டன் நகருக்குக் கிழக்கே, ஷெக்லுங் என்ற ஊரருகே ஆற்றிடைத் தீவில் தொழுநோயாளர் இல்லம் அமைத்தார். அக்காலத்துச் சீனாவில் அவர்கள் கதி எப்படி இருந்தது என்பதற்கு ஒன்று சொன்னால் போதும். 1912 டிசம்பரில் நான்னிங் என்ற நகரின் அருகே தொழுநோயாளர் கூட்டம் ஒன்றைப் படைவீரர் சுட்டுக் கொன்று எரித்தார்கள். அப்பேர்ப்பட்ட நாட்களில், நூற்றுக்கணக்கானோர் உயிரோடும் மானத்தோடும் இருக்க இடம் கொடுத்தது அந்தத் தீவு.

1913-ல் கனடா தேசத்து அமல உற்பவ வேதபோதகக் கன்னியர் அங்கே வந்து பெண் நோயாளரைப் பராமரித்தார்கள். மறு வருஷமே, 1914-ல், கொன்ரார்டி சுவாமியார் ஹாங்காங்கில் காலமானார். அவர் தொடங்கிய வேலையை மற்றக் குருக்களும் கன்னியரும் நடத்திவந்தார்கள்.

அன்றைக்குத் தொழுநோயைக் குணமாக்கும் மருந்து இல்லை. ஹான்சன் என்னும் நார்வே நாட்டு மருத்துவர் 1873-லேயே கிருமியைக் கண்டுபிடித்துவிட்டார். ஆனால் சரியான மாத்திரை 1940-களில்தான் வந்தது. ஆகவே அந்தச் சுவாமியாரும் கன்னியரும் கொடுத்தது பெரும்பாலும் கஞ்சியும், கட்டுத்துணியும், கூட இருப்பதுமே. சுகப்படுத்த முடியாதபோதும் அவர்கள் தொட்டார்கள்.

3. மருந்து வந்தது, ஆள் வீடு திரும்பவில்லை

1950-களின் தொடக்கத்தில் அந்நிய வேதபோதகர் சீனாவை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சீன அரசாங்கமே ஒதுக்குப்புறங்களில் தொழுநோயாளர் கிராமங்களை அமைத்து வைத்தியம் செய்தது. நோய் மிகவும் குறைந்தது. இதை நியாயமாய் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் குணமானவர்களில் பலர் அந்தக் கிராமங்களிலேயே தங்கிவிட்டார்கள். கையும் காலும் ஊனப்பட்டிருந்தன, வீட்டார் மறந்துவிட்டார்கள்.

மக்காவு நகரில் லூயிஸ் ரூயிஸ் என்னும் ஸ்பெயின் நாட்டு சேசுசபைக் குரு இருந்தார். 1951 முதல் சீன அகதிகளுக்கு உணவும் உறைவிடமும் தேடிக் கொடுத்தவர். 1986-ல், தமது 73-ஆம் வயதில், குவாங்டாங் மாநிலக் கடலோரத் தீவொன்றில் இப்படி மறக்கப்பட்டவர்கள் இருப்பதை அறிந்து அங்கே போனார். ஷெக்லுங் இருந்ததும் அதே மாநிலத்தில்தான். அதன் பின் ஒவ்வொரு கிராமமாகத் தேடிச் சென்று உதவினார். கன்னியர்கள், பின்னர் சீன நாட்டுக் கன்னியரும், அங்கேயே போய்க் குடியிருந்து முதியோரைப் பராமரித்தார்கள். 2011-ல் அவர் மரித்தார். இன்று சீனக் கத்தோலிக்கரே தர்ம காரியங்களை நடத்துகிறார்கள். ஹெபேய் மாநிலத்தில் 1997-ல் அவர்கள் தொடங்கிய 'ஜின்டே' சமூக சேவை நிறுவனம் அதற்குச் சாட்சி.

இதில் நமக்குள்ள படிப்பினை என்ன? மருந்து கிருமியைக் கொல்லும். 'அம்மா, உள்ளே வாங்க' என்று மருந்து கூப்பிடாது. அதை மனிதர்தான் செய்ய வேண்டும்.

4. நம் பக்கத்திலே

இதெல்லாம் தூரதேசத்துக் கதை என்று எண்ணிவிடாதீர்கள். 1955-ல் பெல்ஜியம் நாட்டு டாக்டர் ஹெமெரெய்க்ஸ் மதுராந்தகத்துக்கு அருகே பொளம்பாக்கத்தில் தொழுநோய் மையம் தொடங்கினார். நோயாளிகளைக் கூட்டி அடைத்துவைக்க அவர் விரும்பவில்லை. சாலையோர மரத்தடியில் குறித்த நாளில் வைத்தியம். மருந்து வாங்கிக்கொண்டு அவரவர் வீட்டுக்குத் திரும்பலாம். அவரோடு உழைத்த டாக்டர் கிளேர் வெல்லூட் அம்மையார் இந்தியக் குடியுரிமையே பெற்று, 2013-ல் இறக்கும் வரை இந்நாட்டாராகவே வாழ்ந்தார்.

வேலூரில் நம் பிரிந்த சகோதரர்களின் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் பால் பிராண்ட் ஒரு பெரிய உண்மையை எடுத்துக்காட்டினார். நோய் விரலைத் தின்பதில்லை. உணர்ச்சி போய்விடுவதால், சுட்டாலும் வெட்டினாலும் தெரியாமல் விரல் சேதமடைகிறது. நமக்கு வடக்கே சேத்துப்பட்டில், லூர்து மாதா கோவில் இருக்கும் அதே ஊரில், புனித தோமையார் மருத்துவமனையும் தொழுநோய் மையமும் 1960-கள் முதல் சேவை செய்துவந்திருப்பதை நம் குடும்பங்களில் மூத்தவர்கள் அறிவார்கள்.

5. ஒவ்வொரு குடும்பமும் அறிய வேண்டியவை

தொழுநோய் பாவத்தின் தண்டனை அல்ல. பரம்பரை வியாதியும் அல்ல. அது ஒரு கிருமியால் வருவது. பெரும்பாலான மனிதருக்கு அதை எதிர்க்கும் சக்தி இயல்பாகவே உண்டு. கை குலுக்குவதாலோ ஒரே பெஞ்சில் உட்காருவதாலோ தொற்றாது. மருந்து சாப்பிடாத நோயாளியோடு நெடுநாள் நெருங்கிப் பழகும்போதே தொற்றக்கூடும். மருந்து தொடங்கிய சில நாட்களிலேயே மற்றவருக்குப் பரவுவது நின்றுவிடும்.

தோலில் நிறம் வெளுத்த அல்லது சிவந்த தேமல், அதில் தொட்டால் உணர்ச்சியில்லை, அரிப்புமில்லை என்றால் தாமதியாதீர்கள். கை கால் மரத்துப்போவதும் அடையாளமே. ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் கூட்டு மருந்து இலவசம். நோயின் வகைக்கேற்ப 6 மாதமோ 12 மாதமோ சாப்பிட வேண்டும். சீக்கிரம் தொடங்கினால் ஊனமே வராது.

2005 முடிவில் இந்தியா இந்நோயைப் பெருமளவு ஒழித்ததாக அறிவித்தது. ஆயினும் வருஷந்தோறும் புதிய நோயாளிகள் காணப்படுகிறார்கள், அவர்களில் சிறுவரும் உண்டு. வெட்கத்தால் மறைப்பதே இதற்கு முக்கிய காரணங்களில் ஒன்று. இந்த நோயைக் காட்டி விவாகரத்துக் கேட்க நம் நாட்டுச் சட்டம் 2019 வரை இடங்கொடுத்திருந்தது. அந்த ஆண்டுதான் அது நீக்கப்பட்டது. சட்டம் மாறிவிட்டது, பெண் பார்க்கப் போகும் நம் பேச்சு மாறிவிட்டதா?

6. நம் கடமை

ராஜகிரிக் கோட்டை மதில்கள் எதிரியை வெளியே நிறுத்தக் கட்டப்பட்டவை. பகைவரே இல்லாத நம் வீட்டுக்குள், நோயுற்ற தாய்க்குத் தனித் தட்டு, தனித் திண்ணை என்று மதில் எழுப்புகிறோமே, அது யாருக்கு எதிராக? ஞாயிறு பூசையில் கை மடங்கிய ஒருவர் நம் அருகே உட்கார்ந்தால் நகர்ந்து உட்காருகிறோமா? திவ்விய நற்கருணையில் ஒரே அப்பத்தில் பங்குபெறுகிறவர்கள் நாம். அந்தப் பீடத்தண்டையில் தள்ளி நிற்க வேண்டியவர் எவருமில்லை.

நம்மில் எல்லோராலும் மொலோக்காய்க்கோ ஷெக்லுங்குக்கோ போக இயலாது. ஆனால் அடுத்த தெருவுக்குப் போகலாம். குணமாகி வந்தவரைக் கலியாணப் பந்தியில் நம் பக்கத்தில் உட்கார வைக்கலாம். தேமலை மறைக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் பயமுறுத்தாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிச் செல்லலாம். அதுவே நம் கரத்தை நீட்டித் தொடுவதாகும்.

இரவு ஜெபமாலைக்குப் பின் வீட்டில் பேசிக்கொள்ள:

சேசுநாதர் சொல்லால் மட்டும் சுகப்படுத்தாமல் தொட்டது ஏன்?

கொன்ரார்டி சுவாமியார் வயதான காலத்தில் மருத்துவம் படித்ததிலிருந்து நாம் கற்பது என்ன?

நம் வீட்டிலோ தெருவிலோ, குணமான பிறகும் வெளியே நிற்கும் ஒருவர் உண்டா? அவரை உள்ளே அழைக்க இவ்வாரம் நாம் என்ன செய்வோம்?

அர்ச். தமியானே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.