காது கேட்காமலே இசை – அது எப்படி?



காது கேட்காதவர் இசை அமைக்க முடியுமா? மேளம் வாசிக்க முடியுமா? "அதெப்படி முடியும்?" என்றுதான் கேட்பீர்கள். முடியும். நான் படித்ததையும் பார்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒலி என்றால் என்ன? அறிவியல் பாடத்தில் படித்தோமே, ஒரு பொருள் அதிர்ந்தால்தான் ஒலி பிறக்கும். அந்த அதிர்வு காற்றில் வந்து செவிப்பறையில் மோதுகிறது. பிறகு மூன்று சின்ன எலும்புகள் வழியாக, நத்தை ஓடு மாதிரி சுருண்டிருக்கும் உள்காதுக்குப் போகிறது. அங்கே இருக்கும் முடி போன்ற செல்கள்தான் செய்தியை நரம்பு வழியாக மூளைக்கு அனுப்புகின்றன. வயதாலோ, நோயாலோ, அதிக சத்தத்தாலோ அந்தச் செல்கள் செத்துவிட்டால் மறுபடி முளைக்காது.

ஆனால் அதிர்வு காதுக்கு மட்டும் வருவதில்லை. பள்ளி மணி அடித்ததும் அதை விரல் நுனியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். கிர்ரென்று நடுங்கும். விரலுக்கும் ஒலி தெரிகிறது!

1) மனசுக்குள் கேட்பது

ஜெர்மனியில் 1770-இல் பிறந்தவர் பீத்தோவன். 30 வயது ஆகும் முன்பே அவருக்குக் காது மந்தமாக ஆரம்பித்தது. 1802-இல் தம்பிகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். பக்கத்தில் இருப்பவருக்குப் புல்லாங்குழல் கேட்கிறது, எனக்குக் கேட்கவில்லையே என்று அதில் வேதனைப்பட்டிருக்கிறார். கடைசி வருடங்களில் அவரிடம் பேச வந்தவர்கள் நோட்டில் எழுதித்தான் காட்டுவார்கள். அப்போதும் இசை எழுதுவதை அவர் விடவில்லை. அவருடைய ஒன்பதாவது சிம்பொனி 1824 மே 7-ஆம் தேதி வியன்னா நகரில் அரங்கேறியது. மேடையில் அவரும் நின்றார். வாசிப்பவர்களுக்குத் தாளம் காட்ட இன்னொருவரும் நின்றார். முடிந்ததும் கூட்டம் கை தட்டியது. அவருக்கோ கேட்கவில்லை. ஒரு பாடகி அவரைத் திருப்பி நிறுத்தி, தட்டும் கைகளைக் காட்டினாராம்.

கேட்காமல் எப்படி எழுதினார்? நாம் ஒரு கடிதத்தை வாய் திறக்காமல் படித்தாலும் எழுதியவர் குரல் மனசில் கேட்கிறது அல்லவா? அது மாதிரிதான். இளையராஜா வாத்தியம் இல்லாமலே பேப்பரில் நோட்ஸ் எழுதுவார் என்று எல்லோருக்கும் தெரியும். பீத்தோவன் வாழ்ந்த அதே காலத்தில் வாழ்ந்தவர் முத்துசுவாமி தீட்சிதர். அவர் முதல் கீர்த்தனையைப் பாடியது நம் திருத்தணி மலையில்தான் என்பார்கள். தீட்சிதருக்குக் காது கேட்டது, பீத்தோவனுக்குக் கேட்கவில்லை. ஆனால் பாட்டு பிறந்த இடம் இரண்டு பேருக்கும் மனசுதான்.

2) உடம்பால் கேட்பது

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஈவலின் கிளென்னி 1965-இல் பிறந்தவர். 12 வயதுக்குள் அவருக்குக் காது பெரும்பாலும் கேட்காமல் போய்விட்டது. அவர் கற்க வந்ததோ டிரம்ஸ்! அவருடைய ஆசிரியர், சுவரில் கை வைத்து எந்த அதிர்வு எங்கே தெரிகிறது என்று உணரச் சொன்னார். கனத்த ஒலி காலிலும், மெல்லிய ஒலி முகத்திலும் கழுத்திலும் தெரிய ஆரம்பித்தது. இன்றும் செருப்பு இல்லாமல் வெறுங்காலில் நின்றுதான் வாசிப்பார். 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஆயிரம் டிரம்மர்களுக்கு முன்னால் நின்று வாசித்தவர் இவர்தான்.

3) நம் ஊரில்

எங்க தாத்தா பம்பை அடிப்பவர். ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு நாற்பது வருஷம் மலை ஏறியவர். அத்தனை வருஷச் சத்தத்தில் இரண்டு காதும் மந்தமாகிவிட்டது. ஆனாலும் தாளம் தப்பாது. உடுக்கைக்காரர் கையைப் பார்த்துக்கொண்டே அடிப்பார். "காதுல கேக்கலன்னா இன்னா கண்ணு? பம்பைய இடுப்புல கட்டிக்கிறோம், வயித்துல கேக்குதே" என்பார். கிளென்னி பற்றிப் படித்தபோதுதான் தாத்தா விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று புரிந்தது. ஆனால் போன ஆடிக்கு செட்டில் அவரைக் கூப்பிடவில்லை. "காது கேக்காத ஆள் எதுக்கு?" என்று சொல்லிவிட்டார்கள். அவர் வாசிப்பதை யாரும் கேட்டுப் பார்க்கவில்லை. பம்பை இப்போது பரண் மேல் இருக்கிறது.

நாம் செய்ய வேண்டியது:

* 2024-இல் பிரபல இந்திப் பாடகி அல்கா யாக்னிக், தமக்குத் திடீரென்று காது கேட்காமல் போனதைச் சொன்னார். வைரஸ் தாக்கியதுதான் காரணம் என்று டாக்டர்கள் கூறினார்களாம். அதிக சத்தமும் ஹெட்போனும் வேண்டாம் என்று மற்றவர்களையும் எச்சரித்தார். நாமும் இயர்போனில் சத்தத்தைக் குறைப்போம். ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டாம்.

* காது மந்தமானவரிடம் கத்த வேண்டாம். முகத்துக்கு நேரே நின்று நிதானமாகப் பேசுங்கள்.

* "செவிடு" என்று யாருக்கும் பட்டப்பெயர் வைக்காதீர்கள்.

* காது கேட்காத ஒருவர் வாசிக்க வந்தால், முடியாது என்று முதலிலேயே சொல்லாதீர்கள். ஒருமுறை வாசிக்கச் சொல்லுங்கள். நமக்குத்தான் காது நன்றாக இருக்கிறதே, கேட்டுவிட்டு முடிவு செய்யலாம்.



– 9-ஆம் வகுப்பு மாணவி