பூட்டிக் கிடந்தாலும் வரி உண்டு

கேள்வி: லண்டனில் வசிக்கிறோம். ஸ்பெயினின் அலிகாந்தேயில் விடுமுறைக்கென்று வாங்கிய ஃப்ளாட் பாதி வருஷம் பூட்டியே கிடக்கிறது. சுற்றுலாப் பயணிகளுக்கு வாடகைக்கு விடலாமா?

பதில்: விடலாம். ஆனால் முதலில் அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டும். 2025 ஏப்ரல் 3 முதல், புதிதாகச் சுற்றுலா வாடகைக்கு விட, குடியிருப்பின் உரிமையாளர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் சம்மதிக்க வேண்டும். நடுராத்திரியில் படிக்கட்டில் சூட்கேஸ் இழுபடும் சத்தத்தைக் கேட்டுத் தூக்கம் கெட்டவர்களைச் சம்மதிக்க வைப்பது உங்கள் சாமர்த்தியம்! பிறகு உள்ளூர் அனுமதியும், ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் போடப் பதிவு எண்ணும் வாங்க வேண்டும்.

நீங்கள் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருப்பதால், வாடகை வருமானத்துக்கு ஸ்பெயினில் வரி 24 சதவீதம். வீடு சும்மா கிடக்கும் நாட்களுக்கும் ஒரு வருமானத்தைக் கற்பித்துக்கொண்டு வரி போடுவார்கள். இதைத்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள். பிரிட்டனிலும் கணக்குக் காட்டுங்கள். ஸ்பெயினில் கட்டிய வாடகை வரியைப் பிரிட்டன் வரியில் கழித்துக்கொள்ள வழி உண்டு.

வந்து தங்குவோரின் பாஸ்போர்ட் விவரங்களை 24 மணி நேரத்துக்குள் அரசுக்குத் தெரிவிக்கவும் வேண்டும். லண்டனில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் சரிப்பட்டு வராது. உள்ளூரில் நம்பகமான ஒருவரிடம் பொறுப்பைக் கொடுங்கள், கமிஷன் போனால் போகட்டும். குழாய் உடைந்தால் உங்களைக் கேட்காமல் அவர் எவ்வளவு வரை செலவழிக்கலாம் என்பதை மட்டும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.