பூட்டும் முத்திரையும்

விடுதிக்கும் நூலகத்துக்கும் தேர்வு முடிவுக்கும் நாம் பெரும்பாலும் ஒரே கடவுச்சொல்லையே தருகிறோம். அதைப் பெறும் வலைச் சர்வர் தானே முடிவு செய்வதில்லை. பெயரேட்டைக் காக்கும் டைரக்டரி சர்வரிடம் கேட்டறிகிறது. அவ்விரண்டும் பேசும் முறைக்கு எல்டாப் என்று பெயர்.

389ஆம் போர்ட்டில் காப்பின்றிப் பேசினால் நம் கடவுச்சொல், அஞ்சலட்டைச் செய்திபோல, வழியிலுள்ளோர் படிக்கும்படி செல்லும். 636ஆம் போர்ட்டிலோ தொடக்கத்திலேயே செய்தி மறைபொருளாகிவிடும். இது பூட்டு. பூட்டு மட்டும் போதுமா? போதாது. பூட்டிய பெட்டியைக் கள்வன் கையிலேயே கொடுத்துவிட்டால் பயன் யாது? எதிரே இருப்பவர் யார் என்று காட்டும் முத்திரையே சான்றிதழ்.

செய்ய வேண்டுவன மூன்று.

முதலாவது, டைரக்டரியின் சான்றிதழில் கையொப்பமிட்ட நிறுவனத்தின் மூலச் சான்றிதழை வலைச் சர்வரில் வைத்து, அதை நம்புமாறு பணித்தல். அப்பாச்சியில் இதற்கு 'எல்டாப் டிரஸ்டட் குளோபல் சர்ட்' என்னும் கட்டளை உண்டு. டைரக்டரியின் இரகசியச் சாவி அதன் இடத்தைவிட்டு நகரவே கூடாது.

இரண்டாவது, நாம் அழைக்கும் முழுப்பெயரும் சான்றிதழிலுள்ள பெயரும் ஒன்றாயிருத்தல்.

மூன்றாவது, சான்றிதழ் காலாவதியாகுமுன் புதுப்பித்தல்.

இவற்றுள் ஒன்று தவறினும் இணைப்பு மறுக்கப்படும். அப்போது சிலர் சரிபார்ப்பையே நிறுத்திவிடுகின்றனர். பக்கம் திறக்கும், பூட்டும் தொங்கும், ஆனால் போலிச் சர்வரும் நம் கடவுச்சொல்லைப் பெற்றுக்கொள்ளும். மறுப்பு என்பது காவலன் விழித்திருப்பதன் அடையாளமன்றோ? அவனை உறங்கவைப்பதை விடுத்து, பிழையைத் தேடித் திருத்துவதே அறிவுடைமை.