வீரிய ஒட்டு நெல்: விதைப் பை வாங்கும் முன் ஒரு நிமிஷம்!

கோவளத்திலிருந்து திருப்போரூர் பக்கம் போனால், நெல் விளைந்த இடங்களில் இப்போது மனைக் கற்களைப் பார்க்கலாம். வயல் குறையுது, சாப்பிடுபவர்கள் குறையவில்லையே! இருக்கிற நிலத்தில் கூடுதலாக விளைவிக்க உள்ள வழிகளில் ஒன்று வீரிய ஒட்டு நெல்.

இது எப்படி உருவாகிறது?

நெல் பூவுக்குள்ளேயே மகரந்தச் சேர்க்கை நடந்துவிடும். ஆகவே, மகரந்தம் வளமில்லாத ஒரு நெல்லைப் பெண் வரிசையாகவும், வேறொரு நெல்லை ஆண் வரிசையாகவும் அருகருகே நடுகிறார்கள். பூக்கும் நேரத்தில் கயிறு இழுத்தோ, கோலால் அசைத்தோ மகரந்தத்தைப் பரப்புகிறார்கள். பெண் வரிசையில் விளையும் நெல்தான் ஒட்டு விதை. இவ்வளவு வேலை இருப்பதால்தான் விலையும் அதிகம்.

1970-களில் சீனாவில் யுவான் லாங்பிங் இதை வெற்றிகரமாக்கினார். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1994-ல் கோ ஆர்.எச். 1 ரகத்தை வெளியிட்டது. பின்னர் வந்த கோ ஆர்.எச். 3 சுமார் 115 நாள் பயிர். நல்ல பராமரிப்பு இருந்தால், சாதாரண ரகங்களைவிட 15 முதல் 20 சதவீதம் வரை கூடுதல் மகசூல் எதிர்பார்க்கலாம்.

வீட்டு விதை வேண்டாம்!

"போன போகத்து நெல்லையே எடுத்து விதைச்சா என்ன?" என்று கேட்பீர்கள். சாதாரண ரகத்தில் செய்யலாம். ஒட்டு நெல்லில் கூடாது. அடுத்த தலைமுறையில் பெற்றோரின் குணங்கள் பிரிந்துவிடும். ஒரு பயிர் உயரமாகவும் ஒன்று குட்டையாகவும் நிற்கும். ஒன்று கதிர் விடும்போது இன்னொன்று பச்சையாக இருக்கும். மகசூலும் விழும். விதையில் மிச்சம் பிடித்த காசு, அறுவடையில் பல மடங்காகப் போய்விடும். ஒவ்வொரு போகத்துக்கும் புது விதைதான்.

ஆனால் ஏக்கருக்கு 8 கிலோ விதை போதும். குத்துக்கு ஓரிரு நாற்று நட்டால் போதுமானது.

வாங்கும்போது என்ன பார்க்கணும்?

• சான்று விதை என்றால் நீல அட்டை. உண்மை நிலை விதை என்றால் பச்சை அட்டை.
• அட்டையில் குவியல் எண், முளைப்புத்திறன் (குறைந்தது 80 சதவீதம்), காலாவதி நாள் இருக்கிறதா?
• பில் கட்டாயம் வாங்குங்கள். அறுவடை முடியும்வரை பில், அட்டை, காலிப் பை மூன்றையும் பத்திரமாக வையுங்கள். முளைக்காவிட்டால் விதை ஆய்வாளரிடம் புகார் கொடுக்க இவைதான் ஆதாரம்.

கடலோர விவசாயிகளுக்கு

கிணற்று நீர் உப்புக் கரிக்கிறதா? விதைக்குச் செலவு செய்யும் முன் மண்ணையும் நீரையும் பரிசோதியுங்கள். ஒட்டு விதை என்பதால் மட்டும் உப்பைத் தாங்கிவிடாது. உவர் நிலத்துக்கென்று தனி ரகங்கள் உள்ளன.

சொர்ணவாரியா, சம்பாவா, நவரையா? எந்தப் பட்டத்துக்கு எது பொருந்தும் என்பதை உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேளுங்கள். விதை இருப்பை உழவன் செயலியிலும் பார்க்கலாம். சந்தேகமா? 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம். முதன்முறை என்றால் முழு நிலத்திலும் இறங்காமல், கொஞ்ச இடத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் வயல் சொல்வதுதான் கடைசி முடிவு!