காய்ச்சினால் உப்பு போகுமா?

கேள்வி: எங்கள் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே, நொய்யல் கரையில் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர் கரிக்கிறது. காய்ச்சிக் குடிக்கலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உப்பு கூடத்தான் செய்யும்.

உங்கள் கிணற்றுக்கு உப்பு வந்த வழி இதுதான்: பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பை ஏராளமாகப் போடுகிறார்கள். துணியில் தங்குவது சாயம்தான். உப்பு முழுக்கக் கழிவுநீரோடு வெளியேறும். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளிலிருந்து ஆண்டுக்கணக்கில் அது நொய்யலுக்குள் போனது. பாசனத்துக்கென்று 1992-இல் திறந்த அணை சாயக்கழிவுத் தொட்டியானது. அங்கிருந்து கிணறுகளுக்கும் வயல்களுக்கும் ஊறியது. விவசாயிகளுக்கு இழைத்த பெரும் அநீதி இது. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் விதிமீறிய பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஆனாலும் நிலத்தடியில் இறங்கிய உப்பு எளிதில் அகலாது.

குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு வழியே இல்லாவிட்டால் 2,000 வரை. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதித்துப் பாருங்கள். ரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்களுக்கு இந்தத் தண்ணீரைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கூட்டுக் குடிநீர் கேட்டு, ஊரே சேர்ந்து கிராம சபையில் தீர்மானம் போடுங்கள்.