வட்டக்களரி: ஊர் கூடும் திறந்தவெளி அரங்கு

க.பொ.த. (சாதாரண தரம்) – நாடகமும் அரங்கியலும்

அறிமுகம்

கட்டணம் பெறாது, திறந்த வெளியில், ஊரவர் அனைவரும் கூடியிருக்க நிகழ்த்தப்படும் கலைகளுக்குக் கிழக்கிலங்கையில் சிறந்த உதாரணம் கூத்து ஆகும். இது வடமோடி, தென்மோடி என இருவகைப்படும். இவ்விரு மோடிகளின் வேறுபாடுகளை நன்கு எழுதும் மாணவரும், கூத்து சமூகத்தை எவ்வாறு ஒன்றிணைக்கின்றது என வினவப்பட்டால் "இலவசமாக ஆடப்படுவதால்" என ஒரே வரியில் விடையளித்துவிடுவதுண்டு. இது போதிய விடையன்று. காரணங்களை ஒவ்வொன்றாக நோக்குவோம்.

1. களரியின் அமைப்பு

கூத்து ஆடப்படும் இடம் களரி எனப்படும். மட்டக்களப்பு மரபில் இது வட்ட வடிவமானது. அண்ணாவியாரும் பக்கப்பாட்டுக்காரரும் மத்தளம், சல்லாரி ஆகியவற்றுடன் நடுவே நிற்பர். கூத்தர் அவர்களைச் சுற்றி ஆடுவர். பார்வையாளர் நாற்புறமும் அமர்ந்திருப்பர். எனவே பார்ப்போர் கூத்தை மட்டுமன்றி, எதிரே இருக்கும் தம் ஊரவரின் முகங்களையும் காண்கின்றனர். படச்சட்ட மேடையில் இந்நிலை இல்லை.

2. தயாரிப்பு முறை

அரங்கேற்றம் ஓர் இரவில் முடிந்தாலும் அதற்கான முயற்சி பல மாதங்களுக்கு நீடிக்கும். அதன் முக்கிய படிகள் வருமாறு:

• சட்டம் கொடுத்தல் – கூத்தருக்குரிய பாடற்பகுதிகளை வழங்குதல்
• கிழமைக்கூத்து – வாரந்தோறும் ஊரவர் முன் பழகுதல்
• சதங்கை அணிதல் – பயிற்சியில் தேறியோருக்குச் சதங்கை கட்டுதல்
• அடுக்குப் பார்த்தல் – முழுக் கூத்தையும் ஒழுங்காக ஆடிப் பார்த்தல்
• அரங்கேற்றம் – இரவு தொடங்கி விடியும்வரை ஆடுதல்

பயிற்சிக் காலத்திலேயே ஊரவர் கூத்தைப் பார்த்து, திருத்தம் சொல்லி, பாராட்டிப் பழகிவிடுகின்றனர். அரங்கேற்ற நாளில் அவர்கள் அந்நியப் பார்வையாளர் அல்லர்.

3. இலவசம் என்பதன் பொருள்

கூத்துக்குச் செலவு உண்டு. உடுப்பு, அணிகலன், ஒளி, உணவு, அண்ணாவியாருக்கான கைவிசேடம் ஆகியன தேவை. இவற்றை ஊரவர் பணமாகவும் பொருளாகவும் உழைப்பாகவும் பகிர்ந்துகொள்வர். ஆகவே இலவசம் என்பது செலவின்மை அன்று. செலவை எல்லோரும் சேர்ந்து சுமப்பதாகும். ஒன்றிணைவு இங்கேயே தொடங்குகின்றது.

4. பாடசாலைக்கு வந்த கூத்து

1956 இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தைச் சிங்கள நாடகம மரபில் உருவாக்கினார். அம்மரபு தமிழ்க் கூத்தோடு உறவுடையது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ் மாணவரைக் கொண்டு 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து குறுகிய நேரத்துக்குச் சுருக்கப்பட்டது. படித்தோரால் புறக்கணிக்கப்பட்டிருந்த கலைக்கு மதிப்புக் கிடைத்தது. இன்று அகில இலங்கைத் தமிழ்மொழித் தினப் போட்டிகளிலும் நாட்டுக்கூத்து இடம்பெறுகின்றது.

இம்மாற்றத்தில் பெற்றதும் உண்டு, இழந்ததும் உண்டு. மரபுக் கூத்தில் பெண் பாத்திரங்களையும் ஆண்களே ஏற்றனர். கல்விக்கூட அரங்கு மாணவியருக்கும் இடமளித்தது. ஆயினும் மேடைக்கு வந்தபோது பார்வையாளர் ஒரு பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டனர். போட்டிக்கென ஆடப்படும்போது நடுவரே முதன்மைப் பார்வையாளர் ஆகின்றார். ஊரவர் பங்கு குறைகின்றது.

5. அயலூர்க் கலை

அம்பாறைக் கரையோரத்தில் தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்து உள்ளன. முஸ்லிம் மக்களிடையே வழங்கும் பொல்லடி, களிகம்பு ஆகியனவும் திறந்த வெளியில் வட்டமாக நின்று ஆடப்படுவன. இங்கும் பயிற்றுவிப்பவர் அண்ணாவியார் எனப்படுவார். மொழியோடு அரங்க வடிவமும் இரு சமூகங்களுக்கும் பொதுவாக இருத்தல் கவனிக்கத்தக்கது.

6. பாடசாலையில் செய்யத்தக்கவை

திருக்கோவில் பிரதேசத்து வினாயகபுரம் போன்ற ஓர் ஊரின் பாடசாலையைக் கருதுக. அங்கே மண்டபத்துக்குப் பதிலாக விளையாட்டு மைதானத்தில் வட்டக்களரி அமைக்கலாம். ஊர் அண்ணாவியாரை அழைத்துப் பழகலாம். வாரத்தில் ஒரு மாலை பயிற்சியைப் பெற்றோர் பார்க்கச் செய்யலாம். உடுப்புத் தைத்தலையும் ஒப்பனையையும் பெற்றோர், பழைய மாணவரிடம் ஒப்படைக்கலாம். அயலூர்ப் பாடசாலையின் பொல்லடிக் குழுவை அதே களரிக்கு அழைக்கலாம். மேடையில் பத்து மாணவர் ஆடுவதை ஊர் பார்த்துச் செல்வதற்கும், ஊரே சேர்ந்து ஒரு கூத்தை ஆக்குவதற்கும் உள்ள வேறுபாடு அப்போது விளங்கும்.

மாதிரி வினா

"கூத்து சமூகத்தை ஒன்றிணைப்பதற்கு அது இலவசமாக ஆடப்படுவது மட்டுமே காரணம்." இக்கூற்றை ஆராய்க.

விடைக்கான குறிப்பு: கூற்றின் ஒரு பகுதி உண்மை என்பதை முதலில் ஏற்றுக்கொள்க. பின்னர் களரியமைப்பு, நீண்ட பயிற்சி, பகிர்ந்த செலவு என்னும் மூன்றையும் உதாரணத்துடன் விளக்குக. மரபில் பெண்கள் ஆடாமை போன்ற குறைகளையும் சுட்டுக. இறுதியில் உமது ஊரில் நீர் கண்ட ஒரு நிகழ்வோடு ஒப்பிட்டு உமது முடிவைத் தருக.